நாலு பதினாறுக்குத் துண்டு எங்கே?

தாசில்தார் தீபலட்சுமிக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவே இல்லை. தனித்தனியாகப் பேசினால் அரை மணி நேர வித்தியாசத்தில் நிற்கிற இரண்டு பேர், கேமரா முன்னால் உட்கார்ந்ததும் நாலு மணி நேர வித்தியாசத்துக்கு எப்படிப் போய்விடுகிறார்கள்?

முத்தியால்பேட்டை எண்ணெய்க்கார வீதியில் நாற்பத்திரண்டு பெண்கள் தினமும் காலை ஆறு மணிக்குச் சாலையோரம் மீன் கூடையை இறக்குகிறார்கள். ஒன்பது மணிக்குக் கடைகள் திறக்கின்றன. கடைக்கு வருகிறவர்கள் வண்டியை எங்கே நிறுத்துவது, மீன் செதிலை மிதித்துக்கொண்டு செல்போன் வாங்க எவன் வருவான் என்பது கடைக்காரர்கள் கட்சி. கரையில் ஏலம் எடுத்து, ஆட்டோ பிடித்து, வந்து உட்கார்ந்து மூன்று மணி நேரத்தில் எழுந்திரு என்றால் மிச்ச மீனை யார் தலையில் கட்டுவது என்பது பெண்கள் கட்சி. கடைக்காரர்கள் ஒன்பதுக்கு எழுந்திருக்கச் சொன்னார்கள். பெண்கள் ஒரு மணி வரை அசைய மாட்டோம் என்றார்கள். மேலிடம் சலித்துப்போய் ஓர் உத்தரவு போட்டது: மாதக் கடைசிக்குள் இரு தரப்பும் ஒரு நேரத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் சரி. இல்லையென்றால் முதல் தேதி காலை போலீஸ் வந்து நாற்பத்திரண்டு கூடைகளையும் ஒரேயடியாக அப்புறப்படுத்தும்.

கடைக்காரர் சங்கத் தலைவர் கமலக்கண்ணன் ஜவுளி வியாபாரி. அவர் கடைக்குத் தீபலட்சுமி ஒரு நாள் போனபோது, மின்விசிறியைத் தன் பக்கமிருந்து அவள் பக்கம் திருப்பிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"பதினொண்ணு வரைக்கும் இருந்துட்டுப் போவட்டும் மேடம். ஒம்போதுக்கே தொரத்திட்டா என் கடைக்கு யாரு வருவா? மீன் வாங்க வர்ற பொம்பளைங்கதான் நைட்டி வாங்குது, பாவாட வாங்குது. செல்போன் கடைக்காரனுக்கு அதெல்லாம் எங்க புரியுது?"

"இதையே கூட்டத்துல சொல்லிடலாமே சார்?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கொள்முதல் வெலைய சேலை மேலயே ஒட்டி வெக்கச் சொல்றீங்க."

மீன்காரப் பெண்களுக்குத் தலைவி குஞ்சம்மாள். கடற்கரைக் குப்பத்துக்காரி, ஐம்பத்தெட்டு வயது, முழங்கை வரை செதில். அவளும் அவள் இடத்தில் உட்கார்ந்து ஒரு சங்கரா மீனை அலசிக்கொண்டே உண்மையைத்தான் சொன்னாள்.

"பதினொண்ணரைக்கு மேல எவ மீன் வாங்கறா தாசில்தாரம்மா? அதுக்கு மேல ஒக்காந்தா வெயில்ல நாங்கதான் கருவாடாவோம்."

"அப்ப கூட்டத்துல ஏன் ஒரு மணின்னு கத்துறீங்க?"

"போன வாரம் ரெண்டு செகண்டு 'ம்'னு இழுத்தேன் பாரு. அத மட்டும் வெட்டி எங்க குப்பத்து வாட்ஸ்அப்புல போட்டுட்டாங்க. ரெண்டு நாளு தண்ணிக் கொழாகிட்ட போவ முடியல. வெலபோயிட்டாளாம் குஞ்சம்மா. எவ்ளோக்குன்னு ஒருத்தியும் சொல்லல, அதான் வருத்தம்."

இத்தனைக்கும் கேமரா கேட்டதே குஞ்சம்மாள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே தெருவுக்கு இதே மாதிரி ஒரு பேச்சு நடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. கதவு திறந்தபோது மூன்று பெண்களுக்குத் தெருவில் உட்கார இடம் இல்லை. யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எந்தக் காகிதத்திலும் கிடையாது. அதனால் தீபலட்சுமி பொறுப்புக்கு வந்ததும் குஞ்சம்மாள் போட்ட முதல் நிபந்தனை, எல்லாம் ஜனங்கள் பார்க்க நடக்கட்டும் என்பது. தீபலட்சுமியும் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டாள். அவள் லாஸ்பேட்டை அரசுக் குடியிருப்பில், விலை ஒட்டிய கடைகளிலேயே வாங்கி வளர்ந்தவள். ஒளிவுமறைவு இல்லாவிட்டால் நியாயம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நம்பினாள். மூன்று கூட்டம் நேரலையில் போயிற்று. நியாயம் வரவில்லை. பார்வையாளர்கள்தான் வந்தார்கள். முதல் கூட்டத்துக்கு நாற்பது பேர், மூன்றாவதுக்கு முந்நூறு பேர்.

நாலாவது கூட்டம் கடைசிக் கூட்டம். மறுநாள் மாதம் முடிகிறது.

எழுத்தர் கண்ணையன் வழக்கம்போல் செல்போனை ஸ்டாண்டில் பொருத்தினார். அந்தச் செல்போனில் இரண்டு பேர் முகமும் தெரிய வேண்டுமானால் இரண்டு நாற்காலியையும் ஒட்டிப்போட வேண்டும். புருஷன் பெண்டாட்டி கல்யாணப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும். முதல் மூன்று கூட்டத்திலும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார்கள். இன்றைக்குச் சாயவில்லை. மேஜையின் குறுக்கே, கேமராவுக்குத் தெரியாத முனையில் தீபலட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

"ஒம்போது மணி!" என்று ஆரம்பித்தார் கமலக்கண்ணன். "ஒரு நிமிஷம் தாண்டுனாலும் எங்க சங்கம் ஒத்துக்காது!"

"ஒங்க சங்கம் இன்னா கடல வெலைக்கு வாங்கிடுச்சா? ஒரு மணி! எங்க மாமியா காலத்துல இருந்து ஒக்கார்ற எடம் அது!"

"மாமியா காலத்துல அங்க ரோடே கெடையாது!"

"ரோடு கெடையாது, நீயும் கெடையாது. மீனு இருந்துச்சு!"

செல்போனில் சிரிப்புப் படங்கள் மேலே மேலே பறந்தன. தீபலட்சுமி பேனாவை மூடப் போனாள். அப்போதுதான் பார்த்தாள். கமலக்கண்ணன் தோளில் எப்போதும் கிடக்கிற வெள்ளைத் துண்டு இப்போது தோளில் இல்லை. மேஜைக்குக் கீழே இரண்டு பேர் மடிக்கும் நடுவில் விரித்துக் கிடந்தது. அதற்கடியில் அவர் வலது கையும் குஞ்சம்மாளின் இடது கையும் போயிருந்தன.

தாசில்தாருக்கு முதலில் தோன்றியது கூட்டக் குறிப்பில் எழுதத் தக்கதல்ல.

பிறகு உற்றுப் பார்த்தாள். துண்டு உள்ளே அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. மேலே கமலக்கண்ணன், "எங்க வாடிக்கக்காரங்க மூக்கப் பொத்திக்கினு வர்றாங்க!" என்று அலறிக்கொண்டிருக்கும்போதே கீழே எதற்கோ யோசித்தார். அந்த யோசனை முகத்தில் அரை நொடி தாமதமாக வந்தது. குஞ்சம்மாள் கேமராவைப் பார்த்து, "மூக்கப் பொத்திக்கினு வர்றவங்கதான் ஊட்ல மீன் கொழம்பு கேக்கறாங்க!" என்று கத்தியபடியே கையைச் சடக்கென்று உதறினாள். அவர் விடாமல் மறுபடி பிடித்தார். வாயில் ஒன்பதும் ஒன்றும் சண்டை போட்டன. கையில் வேறு என்னவோ ஓடியது.

மூன்று நிமிஷம். துண்டு தோளுக்குப் போய்விட்டது.

கமலக்கண்ணன் தொண்டையைச் செருமினார். "மேடம், எங்க சங்கம் ஒம்போதுலதான் நிக்குது. எறங்க மாட்டோம். ஆனா சர்க்கார் ஒரு நேரத்தச் சொல்லிட்டா நாங்க இன்னா பண்ண முடியும்? நீங்களே சொல்லுங்க."

"ஆமா," என்றாள் குஞ்சம்மாள். "சர்க்கார் அடிச்சா வாங்கிக்கினுதான் ஆவணும். சொல்லு."

தீபலட்சுமிக்கு இப்போது புரிந்தது. சரக்கு விலை முடிந்துவிட்டது. திட்டு வாங்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவள். ஆனால் முடிந்த விலை என்ன? அதை மட்டும் அவளிடம் யாரும் சொல்லவில்லை.

குஞ்சம்மாள் எழுந்து வந்தாள். "யம்மா, பொம்பளைங்க வயித்துல அடிச்சிடாத!" என்று கேமராவுக்குக் கேட்கிற மாதிரி கும்பிட்டு, மேஜை விளிம்புக்குக் கீழே தீபலட்சுமியின் கையைப் பற்றினாள். ஐஸில் கிடந்த மீன் போலக் குளிர்ந்த கை. அது அவளுடைய ஐந்து விரல்களையும் சேர்த்து ஒரு முறை அழுத்தியது. மறுபடி ஒரு முறை. பிறகு ஆள்காட்டி விரலை மட்டும். பிறகு நடுவிரலின் நுனிக் கணுவை மட்டும் ஒரு கிள்ளு.

ஐந்து, ஐந்து, ஒன்று. அப்புறம் அந்தக் கிள்ளு? முழு விரல் ஒரு மணி. நுனிக் கணு அரையாக இருக்காது. அவர் சொன்ன பதினொன்றுக்கும் இவள் சொன்ன பதினொன்றரைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று லாஸ்பேட்டைப் பள்ளிக்கூடக் கணக்கில் போட்டுப் பார்த்தாள்.

"பதினொண்ணே கால்," என்றாள். "இதுதான் அரசு முடிவு."

"அநியாயம்!" என்றாள் குஞ்சம்மாள், கொஞ்சம் சீக்கிரமாகவே. கமலக்கண்ணன் மேஜையைக் குத்தினார். இரண்டு பேரும் அவளைத் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். கமெண்டில், எவ்வளவு வாங்கினாள் என்று ஒரு பக்கமும், யாருக்கு வேலை செய்கிறாள் என்று இன்னொரு பக்கமும் கேட்டன. இரண்டும் ஏறக்குறையச் சம அளவில் இருந்ததைத் தீபலட்சுமி எண்ணிப் பார்த்தாள். முதல் தேதி போலீஸ் வரவில்லை.

இரண்டு வாரம் தெரு ஒழுங்காக நடந்தது. பதினொன்றே காலுக்குக் கூடைகள் ஏறும். பதினொன்றரைக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். அப்புறம்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு வந்தது. அனுப்பியவர் கோவிந்தசாமி, பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது கேள்விகள். ஏழாவது இது:

'கூட்டத்தின் நேரலையில் மாலை நாலு பதினாறு வரை திரு. கமலக்கண்ணன் தோளில் காணப்படும் துண்டு, நாலு பதினாறு முதல் நாலு பத்தொன்பது வரை காணப்படவில்லை. மேற்படி மூன்று நிமிடங்கள் துண்டு எங்கே இருந்தது? அதன் பிறகே இரு தரப்பும் முடிவை அரசிடம் விட்டது ஏன்?'

"துண்டுக்கு நம்ம ஆபீஸ்ல ரெஜிஸ்டர் கெடையாது மேடம்," என்றார் கண்ணையன். "தகவல் இல்லைன்னு எழுதி அனுப்பிடலாம். முப்பது வருஷ சர்வீஸ்ல சொல்றேன், இல்லாத தகவலால யாருக்கும் மெமோ வந்ததில்ல."

சட்டப்படி, ஏன் கேட்கிறாய் என்று மனுதாரரைக் கேட்கக் கூடாது. ஆனால் தெரிந்துகொள்ளாமல் தீபலட்சுமிக்குத் தூக்கம் வராது. மாலையில், எண்ணெய்க்கார வீதியிலேயே இருந்த அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கோவிந்தசாமி பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கூட்டக் குறிப்பை இன்றைக்கும் 'ப்ரொஸே வெர்பால்' என்றுதான் சொல்வார்.

"பதினொண்ணே கால் எனக்கும் சௌகரியம்தாம்மா. நான் பத்தரைக்குத்தான் மீன் வாங்கறேன்," என்றார். "அந்த நேரம் தப்புன்னு நான் சொல்லல. ஒங்க ப்ரொஸே வெர்பால்ல அது எங்கருந்து வந்துச்சுன்னு இல்லையே? போன தடவ மூணு பேரு எடம் போச்சே, அதுவும் இப்படித்தான் எங்கிருந்தோ வந்துச்சு. நல்ல முடிவு, கெட்ட முடிவு ரெண்டும் ஒரே கதவு வழியா வந்தா, வர்றது எதுன்னு தெரியாம நான் எப்படி நாக்காலி போடறது?"

"தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க சார்?"

"வாட்ஸ்அப் குரூப்புல போடுவேன்," என்றார் அவர், ஒளிக்காமல். "நானூறு பேர் இருக்காங்க."

அவள் நேராகக் கமலக்கண்ணன் கடைக்குப் போனாள். துண்டைப் பற்றிக் கேட்டதும் அவர் கல்லாவை மூடினார்.

"எங்கப்பா மாட்டுத் தரகரு மேடம். சந்தையில நூறு பேரு சுத்தி நின்னு பாப்பான். வாயால வெல சொன்னா, சொன்னவன் எறங்க முடியாது, கேட்டவன் ஏற முடியாது. மானம் போச்சுன்னு மாட்ட ஓட்டிக்கினு ஊட்டுக்குப் போயிடுவான். துண்டு போட்டு வெரலப் புடிச்சா எத்தினி தடவ எறங்குனாலும் எவனுக்கும் தெரியாது. முடிஞ்ச வெலதான் வெளிய வரும். மாடு, பல்லு, சுழி எல்லாம் வெளிச்சத்துலதான் பாக்கறது. வெரலு மட்டும் துண்டுக்குள்ள."

"குஞ்சம்மாளுக்கு எப்படித் தெரியும்?"

"கருவாட்டுத் தரகனுங்க எல்லாம் துண்டுதானே. எனக்கே அன்னிக்குத்தான் தெரியும். நான் சும்மா துண்டப் போட்டுப் பாத்தேன். அந்தம்மா எனக்கு முன்னாடி வெரலப் புடிச்சிடுச்சு. நாலு தடவ என்னை ஏத்தி..." சட்டென்று நிறுத்திக்கொண்டார். "அதெல்லாம் எதுக்கு? எழுதாதீங்க மேடம். துண்டுக்குள்ள கைய வுட்டேன்னு தெரிஞ்சா செல்போன் கடைக்காரன் தலைவர் ஆயிடுவான். அவன் வந்தா மொத கையெழுத்தே இத ரத்து பண்ணத்தான்."

மனு விஷயத்தைக் குப்பத்தில் தன் வீட்டு வாசலில் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள் குஞ்சம்மாள். கத்தியைத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தாள்.

"எழுதுனா எங்க ராஜாம்பா இருக்கா பாரு, அவ எங்குடல உருவிடுவா. போன தடவ எடம் போன மூணு பேருல அவளும் ஒருத்தி. எழுதலன்னா?"

"பொய் சொன்னேன்னு ஆகும்."

"கேமராவ நான்தான் கேட்டேன்." ஒரு மீனை எடுத்துப் பார்த்து மறுபடி வைத்தாள். "எழுதிக்கோ. யாரு எறங்குனான்னு மட்டும் எழுதாத."

"அது எனக்கே தெரியாதேம்மா."

"தெரியாதில்ல? அப்ப எழுதிக்கோ."

அன்றிரவு எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை. ஒருவரும் பார்க்காவிட்டால் மூன்று பேர் இடம் போகிறது. எல்லாரும் பார்த்தால் நாற்பத்திரண்டு பேர் இடம் போகப் பார்க்கிறது. எவ்வளவு பார்க்கலாம் என்பதற்கு அவள் படித்த எந்த விதிப் புத்தகத்திலும் அளவு போடவில்லை. மூன்றாம் நாள் கண்ணையன் தலையில் அடித்துக்கொண்டிருக்க, தானே தட்டச்சு செய்தாள்.

'கேள்வி 7-க்குப் பதில்: மேற்படி மூன்று நிமிடங்கள் துண்டு இரு தரப்புப் பிரதிநிதிகளின் கைகள் மேல் இருந்தது. அதற்கடியில் விரல் பிடித்து நேரம் பேசி முடிக்கப்பட்டது. யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்ற தகவல் இந்த அலுவலகத்தில் இல்லை. முடிந்த நேரம் எனக்கும் விரல் மூலமே தெரிவிக்கப்பட்டது. அதை அரசு முடிவாக அறிவித்தது நான். அதற்கு நானே பொறுப்பு.'

பதில் போய்ச் சேர்ந்த அன்று மாலையே நானூறு பேருக்கும் போயிற்று. இரவுக்குள் மேலதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்தது. தீபலட்சுமி அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை பதினொன்றுக்கு எண்ணெய்க்கார வீதிக்குப் போய், மருந்துக்கடை ஓரமாக நின்றாள்.

பதினொன்றே கால் ஆயிற்று. ஒரு கூடைகூட எழவில்லை.

பெண்கள் குஞ்சம்மாளைச் சுற்றி நின்றார்கள். கடைக்காரர்கள் வாசல் வாசலாக வந்து நின்றார்கள். செல்போன்கள் உயர்ந்தன. கமலக்கண்ணன் தன் கடைப் படியில், தோளில் துண்டு இல்லாமல் நின்றார். இன்றைக்குப் பெண்கள் எழாவிட்டால் நாளைக்குச் சங்கம் கூடும். சங்கம் கூடினால் உடன்பாடு போகும். உடன்பாடு போனால் போலீஸ் வரும். தெருவில் அது தெரியாதவர் ஒருவரும் இல்லை.

"கைய நீட்டு," என்றாள் ராஜாம்பாள். "எந்த வெரல வித்த?"

"எல்லா வெரலும் இருக்கு. எண்ணிக்கோ."

"வெளையாடாத குஞ்சு. எங்களக் கேக்காம எவ்ளோ எறங்குன?"

குஞ்சம்மாள் எழுந்து நின்றாள். "நானா எறங்குனேன்? நாம கேட்டது ஒரு மணி. அவன் சொன்னது ஒம்போது. பதினொண்ணே காலுக்கு வர நான் எவ்ளோ எறங்கணும், அவன் எவ்ளோ ஏறணும்? போடுடி கணக்கு. தெனம் மீனு விக்கற, கணக்குத் தெரியாதா?"

ராஜாம்பாளின் விரல்கள் தானாக ஓடின. பக்கத்தில் இரண்டு பேர் விரல்களும் ஓடின. "நாம ஒண்ணே முக்கா," என்றாள் ஒருத்தி. "அவன் ரெண்டே கால்," என்றாள் இன்னொருத்தி.

"அரை மணி நேரம் அவன் கூடக் குடுத்திருக்கான்," என்றாள் குஞ்சம்மாள். "இத நாலு பேரு முன்னாடி குடுத்திருப்பானா?"

படியில் நின்ற கமலக்கண்ணனை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்போன் கடைக்காரன், "தலைவரே, இன்னா சொல்றாங்க?" என்றான்.

"சொல்லிட்டுப் போறாங்க," என்றார் அவர், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஆனால் நாலு கடைக்கும் கேட்டது. "பதினொண்ணுக்கு முன்னாடி நம்ம கடைக்கு எவன் வர்றான்? ஒண்ணுமே இல்லாத நேரத்தத் தூக்கிக் குடுத்துட்டு பன்னெண்டு, ஒரு மணிய நான் வாங்கியிருக்கேன். நீ கடை தொறக்கறதே பத்தரைக்கு, பேச வந்துட்ட."

கடை வாசல்களிலும் விரல்கள் மடங்கின. கணக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருந்தது. உண்மையில் துண்டுக்கடியில் யார் யாரை எத்தனை முறை ஏற்றி இறக்கினார்கள் என்று கேட்கத் தீபலட்சுமிக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள்.

ராஜாம்பாள்தான் முதலில் குனிந்தாள். "அடுத்த தடவ அந்தத் துண்டுக்குள்ள நானும் ஒரு கைய வுடுவேன்," என்று சொல்லிக்கொண்டே தன் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். ஒவ்வொன்றாக மற்றக் கூடைகளும் எழுந்தன.

தீபலட்சுமி குறிப்பேட்டை எடுத்தாள். 'சாலை காலியான நேரம்' என்ற இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. பதினொன்றே கால் என்று எழுதினால் ஒருவரும் கேட்கப் போவதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதினொன்று இருபத்தாறு என்று எழுதினாள். எதிர்வீட்டு மாடியில் கோவிந்தசாமியும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.